முத்துக்குளித்துறைக் கடற்கரையில் அலைகளின் வரலாறு

இராமேசுவரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே மன்னார் வளைகுடாவை ஒட்டிய கரை முத்துக்குளித்துறை எனப்படும். கொற்கை, பழையகாயல், காயல்பட்டினம், தூத்துக்குடி ஆகிய துறைகள் வெவ்வேறு காலங்களில் இதன் தலைமைத் துறைகளாக விளங்கின. இக்கரையின் வரலாற்றை முத்து, சங்கு, உப்பு, கப்பல் ஆகியவற்றைக் கொண்டு எழுதுவது வழக்கம். அந்த வரலாற்றை அலைகளைக் கொண்டும் எழுதலாம். முத்துக்குளிப்பின் பருவத்தை முடிவு செய்தது கடலலை. முத்தின் நிறத்தைத் தருவது ஒளியலை. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் அழிந்து தூத்துக்குடி பெருமளவு தப்பியதற்கும் அலையின் இயற்பியலே விடை தருகிறது.

அலை என்றால் என்ன?

கடலில் மிதக்கும் ஒரு தக்கையைக் கவனித்தால், அலை கடந்து போகும்போது அது மேலும் கீழும் ஏறி இறங்கி, ஏறக்குறைய பழைய இடத்துக்கே திரும்புவதைக் காணலாம். கரையை நோக்கிப் போவது ஆற்றல். நீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. ஒரு பொருளின் துகள்கள் இடம் பெயர்ந்து செல்லாமல், அவற்றின் அதிர்வு மட்டும் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கடத்தப்படுவதே அலை இயக்கம்.

அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட தொலைவு அலைநீளம். ஒரு நொடியில் ஓரிடத்தைக் கடக்கும் முகடுகளின் எண்ணிக்கை அதிர்வெண். இவ்விரண்டையும் பெருக்கினால் அலையின் வேகம் கிடைக்கும். துகள்கள் அலை செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதிர்ந்தால் குறுக்கலை. அதே திசையில் முன்னும் பின்னும் அதிர்ந்தால் நெட்டலை. காற்றிலும் நீரிலும் ஒலி நெட்டலையாகச் செல்கிறது. ஒளி குறுக்கலை, ஆனால் அதற்கு ஊடகம் தேவையில்லை. நிலநடுக்கத்தில் இரண்டு வகையும் தோன்றும். கடல் மேற்பரப்பு அலையில் நீர்த்துகள் வட்டமாகச் சுழல்வதால், அது இரண்டும் கலந்தது.

குளிப்புப் பருவமும் கடலலையும்

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளை இக்கரையில் 'பார்' என்பர். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தொள்ளாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. பார்கள் பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் உள்ளன. முத்துக்குளிப்பு பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடக்கம் முதல் மே நடுப்பகுதி வரை என்று குளிப்புக் காலத்தைக் குறிக்கிறார். போர்த்துக்கீசியர், 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என ஆட்சி மாறியது, பருவம் மாறவில்லை.

வாடைக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று தொடங்கும் வரை உள்ள இடைவெளியில் கடல் அடங்கியிருக்கும். படகைப் பார் மேல் நிறுத்துவதற்கு இது வசதி. ஆனால் கடலடியில் வேலை செய்பவருக்கு மேற்பரப்பின் அமைதி ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு அலையின் ஆழம் விடை சொல்கிறது.

அலைக்குக் கீழே நீர்த்துகள்கள் சுழலும் வட்டம், ஆழம் செல்லச் செல்லச் சுருங்கும். அலைநீளத்தில் பாதி ஆழத்துக்குக் கீழே அசைவு ஏறக்குறைய இல்லை. ஆழ்ந்த நீரில் அலைநீளத்தைக் காண எளிய கணக்கு உண்டு. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை நொடியில் எடுத்து, அதன் வர்க்கத்தை 1.56ஆல் பெருக்க வேண்டும். அமைதியான நாளில் 3 நொடிக்கு ஒரு முறை வரும் சிற்றலையின் நீளம் 14 மீட்டர். அதன் அசைவு 7 மீட்டருக்குக் கீழே எட்டாது. 15 மீட்டர் ஆழத்திலுள்ள பார் தெளிந்து கிடக்கும். காற்றுக் காலத்தில் 8 நொடிக்கு ஒரு முறை வரும் அலையின் நீளம் 100 மீட்டர் அளவு. அதன் அசைவு 50 மீட்டர் ஆழம் வரை செல்லக் கூடியது என்பதால், அது 15 மீட்டர் ஆழத்தில் மணலைக் கிளப்பி நீரைக் கலக்கிவிடும். சிப்பியைத் தேடுபவருக்குக் கண் தெரியாது. இந்தக் கணக்கு எழுதப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குளிப்பவர்கள் அதன் விடையைப் பருவமாக வகுத்து வைத்திருந்தனர்.

கயிறும் ஒலியும்

குளிப்பவர் கல்லின் எடையால் கீழிறங்கி, ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பிகளை வலைப்பையில் அள்ளிவிட்டு, கயிற்றை இழுத்து அடையாளம் காட்டுவார். படகில் கயிறு பிடித்திருப்பவர் உடனே அவரை மேலே தூக்குவார். உயிர் அந்தக் கயிற்றில் இருந்தது. குரல் கொடுப்பது ஏன் பயன்படவில்லை?

காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்; கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர். நீரில் ஒலி வேகமாகவும் தொலைவாகவும் செல்லும் என்பது உண்மை. ஆனால் காற்றிலிருந்து நீருக்குள் நுழைவதுதான் கடினம். இரண்டு ஊடகங்களின் அடர்த்தியும் ஒலி வேகமும் மிகவும் வேறுபடுவதால், நீர்ப்பரப்பில் விழும் ஒலி ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே உள்ளே செல்கிறது. மற்றதெல்லாம் எதிரொலித்துத் திரும்பிவிடும். படகில் இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் கீழே கேட்பது அரிது. விறைப்பாக இழுத்துப் பிடித்த கயிற்றிலோ ஓர் இழுப்பு அலைத் துடிப்பாக ஓடி மறுமுனையை அடைகிறது. ஊடகம் மாறாததால் செய்தி வழியில் தொலைவதில்லை.

நீரில் ஒலியின் வேகத்தை முதன்முதலாக நன்கு அளந்தவர்கள் கொலாடன், ஸ்டர்ம் ஆகிய இருவர். 1826இல் ஜெனீவா ஏரியில் நீருக்குள் மணியை அடித்து, அதே நேரத்தில் வெடிமருந்தைக் கொளுத்தினர். 13 கிலோமீட்டருக்கு அப்பால் மற்றொரு படகில் இருந்தவர் வெளிச்சத்துக்கும் மணியோசைக்கும் இடையே கடந்த நேரத்தைக் குறித்தார். நொடிக்கு 1,435 மீட்டர் என்ற விடை கிடைத்தது. நீர் குளிர்ந்ததாகவும் உப்பற்றதாகவும் இருந்ததால், இது கடல்நீரின் அளவைவிடச் சற்றுக் குறைவு. இன்று மீன்பிடி விசைப்படகுகளில் உள்ள எதிரொலிக் கருவியும் இந்த வேகத்தையே நம்பி இயங்குகிறது. 15 மீட்டர் ஆழத்துக்கு ஒலி போய்வர 30 மீட்டர் பயணம். ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஆகும். கருவி நேரத்தை அளந்து ஆழத்தைச் சொல்கிறது.

முத்தின் நிறம்: ஒளியலை

முத்தும் சிப்பியின் உட்புறமும் பல வண்ணங்கள் காட்டுகின்றன. ஆனால் முத்தைப் பொடித்தால் வெண்மையான தூளே மிஞ்சும். ஆகவே அந்த வண்ணங்கள் சாயத்தால் வந்தவையல்ல.

1801 முதல் தாமஸ் யங், ஒளி ஓர் அலை என்பதற்குக் குறுக்கீட்டு விளைவைச் சான்றாக எடுத்துரைத்தார். இரண்டு அலைகளின் முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தினால் ஒளி கூடும். ஒன்றின் முகடும் மற்றதன் அகடும் சந்தித்தால் ஒளி மங்கும். 1814இல் டேவிட் புரூஸ்டர், சிப்பியின் மேற்பரப்பை மெழுகில் அழுத்தி எடுத்தபோது, மெழுகிலும் அதே வண்ணங்கள் தெரிவதைக் கண்டார். மேற்பரப்பிலுள்ள நுண்ணிய வரிகளே நிறத்தின் ஒரு பகுதிக்குக் காரணம் என்பது இதனால் உறுதியாயிற்று. மெழுகில் பதியாத வண்ணங்களும் இருந்தன. அவை உள்ளடுக்குகளிலிருந்து வருபவை.

திருச்சிராப்பள்ளிக்கு அருகில் திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. இராமன், 1930களில் சிப்பி ஓடுகளின் ஒளிர்நிறத்தை ஆராய்ந்தார், 1954இல் டி. கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்தின் அமைப்பையும் ஒளிப் பண்புகளையும் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். முத்து, சுண்ணாம்புப் படிகத் தகடுகள் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக அமைந்த பொருள். ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ அரை மைக்ரோமீட்டர் தடிப்பு உடையது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர். இரண்டும் ஒரே அளவில் இருப்பதால்தான் அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் காட்டுகின்றன. அடுக்குகள் சீராக அமைந்த முத்து விலை பெறும். சீர் குலைந்தது மங்கிக் கிடக்கும். வணிகர் 'ஒளி' என்று மதிப்பிட்டது இந்த அடுக்கின் ஒழுங்கைத்தான்.

அரசு நடத்திய முத்துக்குளிப்பு இக்கரையில் 1961ஆம் ஆண்டுடன் முடிவுற்றது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். கருவை மனிதர் வைத்தாலும் அடுக்குகளைச் சிப்பியே இடுகிறது. ஆகவே வளர்ப்பு முத்தின் நிறத்துக்கும் காரணம் அதே குறுக்கீட்டு விளைவுதான்.

துறைமுகமும் பவளத் தீவுகளும்

தூத்துக்குடியின் பழைய துறைமுகத்தில் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கின. கடல் கொந்தளித்தால் வேலை நின்றுவிடும். இதற்கு மாற்றாகக் கட்டப்பட்ட புதிய துறைமுகம் 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011இல் வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது. கடலுக்குள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளும் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் அதன் உயிர்நாடி.

செங்குத்துச் சுவரில் மோதும் அலை ஆற்றல் குறையாமல் திரும்பிச் சென்று, அடுத்து வரும் அலையோடு சேர்ந்து கடலை மேலும் கொந்தளிக்க வைக்கும். பாறைகளைக் குவித்த சாய்வில் மோதும் அலையோ இடுக்குகளில் புகுந்து உடைந்து ஆற்றலை இழக்கும். தூத்துக்குடிச் சுவர்கள் இத்தகைய பாறைக் குவியல்களே. எனினும் நுழைவாயில் வழியே வரும் அலை நேர்கோட்டில் மட்டும் செல்வதில்லை. விளிம்பைச் சுற்றி வளைந்து உட்புறம் பரவுகிறது. இதுவே விளிம்பு விளைவு. அலைநீளம் கூடுதலாக இருந்தால் வளைவும் கூடும்.

இயற்கை கட்டிய அலைதடுப்பும் இங்கு உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் பவளப் பாறைகள் சூழ இருந்தன. நீரின் ஆழம் அலையின் உயரத்தை நெருங்கும்போது அலை உடையும். பவளத் திட்டு கடலடியை உயர்த்துவதால் அலை கரைக்கு வெகு முன்பே உடைந்து போகிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளம் வெட்டி எடுக்கப்பட்டது. விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவு 1986இல் ஏறத்தாழ 16 எக்டேராக இருந்தது. 2014இல் ஏறத்தாழ 2 எக்டேராகச் சுருங்கியது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2015 முதல் வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டு, அலையின் வேகம் தணிக்கப்படுகிறது.

1883: ஒரு வெடிப்பு, பல அலைகள்

1883 ஆகஸ்ட் 27 அன்று இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தது. அந்த ஓசை 4,800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரோட்ரிகஸ் தீவில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் கழித்துப் பீரங்கிச் சத்தம் போலக் கேட்டது. அதன் காற்றழுத்த அலை உலகைப் பலமுறை சுற்றியதை அழுத்தமானிகள் காட்டின. கடலில் எழுந்த அலைகளை இந்தியத் துறைமுகங்களின் ஓதமானிகளும் பதிவு செய்தன. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அலைகளும் வங்காள விரிகுடாத் துறைமுகங்களில் பதிவாகியிருந்தன.

சுமத்ரா, நிக்கோபார் பக்கம் நிலம் அசைந்தால் தமிழகக் கரைக்கு அலை வரும் என்பது இவ்வாறு 19ஆம் நூற்றாண்டிலேயே ஏட்டில் ஏறிய செய்தி. ஏடு அலமாரியில் இருந்தது. கரையில் இருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

2004 டிசம்பர் 26

அன்று இந்திய நேரம் காலை 6.28 மணிக்கு வடக்குச் சுமத்ராவுக்கு மேற்கே 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலடியில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் பிளந்து நகர்ந்தது. அதன் மேலிருந்த கடல்நீர் முழுவதும் தூக்கப்பட்டது.

காற்றால் எழும் அலை மேற்பரப்பு அலை. ஆழிப்பேரலையிலோ அடி முதல் மேல் வரை நீர் முழுவதும் அசைகிறது. அதன் அலைநீளம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என்பதால் அதற்கு ஆழ்கடலும் ஆழமற்ற நீரே. அதன் வேகத்தை ஆழம் மட்டுமே முடிவு செய்கிறது: புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 710 கிலோமீட்டர். 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர். முன்பகுதி மெதுவாகும்போது பின்னால் வரும் நீர் நெருக்கியடித்து உயர்கிறது. நடுக்கடலில் செயற்கைக்கோள் அளந்த உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் மட்டுமே. கரையில் அது பல மீட்டராயிற்று.

நிலநடுக்க மையத்திலிருந்து சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி ஆகிய மூன்றும் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. குளச்சல் சற்றே கூடுதல். ஆயினும் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கன்னியாகுமரி மாவட்டத்தில் ஏறத்தாழ 800 பேர் இறந்தனர். தூத்துக்குடி மாவட்டத்தில் அரசுக் கணக்கின்படி மூவர். தொலைவு இந்த வேறுபாட்டை விளக்காது.

முதற்காரணம் இலங்கை. சுமத்ராவிலிருந்து நேராக வந்த அலையை அத்தீவு தடுத்தது; மன்னார் வளைகுடா அதன் மறைவில் இருந்தது. அலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை வந்ததாகக் கொண்டால், ஆழ்கடலில் அதன் நீளம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். 430 கிலோமீட்டர் நீளமுள்ள இலங்கை இத்தகைய அலைக்கு நிழல் தர முடியும்; ஆனால் முழு நிழல் தர முடியாது. அலை இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்தது. விளிம்பு விளைவும், ஆழம் குறையும் பக்கம் அலை திரும்பும் விலகலும் சேர்ந்து அதைக் கன்னியாகுமரி நோக்கித் திருப்பின. மறைவின் உட்புறம் இருந்த தூத்துக்குடிக்கு வலுக் குறைந்த அலை வந்தது. மறைவின் ஓரத்தில் இருந்த குளச்சலுக்கு வலுவான அலை வந்தது. நேர்கோட்டில் மட்டும் பார்த்தால் மேற்குக் கரை ஊரான குளச்சலும் தப்பியிருக்க வேண்டும்.

பவளத் தீவுகள்தாம் தூத்துக்குடியைக் காத்தன என்று சொல்வதுண்டு. கரையருகே 10 மீட்டர் ஆழத்தில்கூட ஆழிப்பேரலையின் நீளம் 12 கிலோமீட்டர் அளவு. அதைவிட மிகச் சிறிய தீவுகள் அத்தகைய அலைக்கு நிழல் தர இயலாது. பவளத் திட்டின் கரடுமுரடான அடித்தளம் ஆற்றலில் ஒரு பங்கைக் குறைக்கும், அவ்வளவே. நாள்தோறும் வரும் காற்றலைகளிடமிருந்தும் புயல் அலைகளிடமிருந்தும் கரையைக் காப்பதே பவளத்தின் பெரும் பணி.

நில அலையும் எச்சரிக்கையும்

நிலநடுக்கத்தில் முதலில் வரும் முதன்மை அலை நெட்டலை. அடுத்து வரும் இரண்டாம் நிலை அலை குறுக்கலை. பின்னது திரவத்தில் செல்லாது. புவியின் வெளிக் கருவம் திரவம் என்பது இதனால்தான் தெரிய வந்தது. இவற்றுக்குப் பின் மேற்பரப்பு அலைகள் வரும். 2,000 கிலோமீட்டர் தொலைவைக் கடக்க ஒவ்வோர் அலைக்கும் ஆகும் நேரத்தை ஒப்பிடலாம்:

ஒளி, வானொலி அலை: ஒரு நொடியில் நூற்றைம்பதில் ஒரு பங்கு
முதன்மை நில அலை: நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல்
கடல்நீரில் ஒலி: ஏறத்தாழ 22 நிமிடம்
காற்றில் ஒலி: ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல்
ஆழிப்பேரலை (ஆழ்கடல் வேகத்தில்): இரண்டே முக்கால் மணி நேரம்

நிலநடுக்கம் தொடங்கிய சில நிமிடங்களில் அதன் அதிர்வு தமிழகத்துக்கு வந்துவிட்டது. சென்னையில் பலர் உணர்ந்தனர். அலை சென்னையை அடைந்தது காலை 9 மணியளவில். இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தது. நில அலை முன்னறிவித்த செய்தியை வானொலி அலையில் ஏற்றிக் கரைக்கு அனுப்ப அன்று ஏற்பாடு இல்லை.

2007 அக்டோபரில் ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. நிலநடுக்கமானிகள், கடலடி அழுத்தமானிகள், ஓதமானிகள் ஆகியவற்றைக் கொண்டு அது இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டு மக்கள் கரையிலிருந்து விலகினர். அன்று நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததால் நீர் அதிகம் தூக்கப்படவில்லை, பேரலை எழவில்லை.

தூத்துக்குடி 2004இல் தப்பியது அலை வந்த திசையால். நிழல் விழும் இடத்தை அலையின் பிறப்பிடமே முடிவு செய்யும். தெற்கே திறந்த கடலிலிருந்து வரும் அலைக்கு இலங்கை குறுக்கே நிற்காது. கரையில் நிற்பவர் நில அதிர்வை உணர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கக் கண்டாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டு நிலத்துக்குச் செல்ல வேண்டும். முதல் அலைக்குப் பின் அதைவிடப் பெரிய அலை வரலாம் என்பதால், அதிகாரிகள் அறிவிக்கும் வரை கரைக்குத் திரும்பக் கூடாது.